அளவோடு அடித்தால் ஒன்றும் ஆகாதா?

போன மாதக் கூட்டத்தில் ஒரு தம்பி கேட்டார். புதிதாக இயற்கை வேளாண்மைக்கு வர நினைப்பவர், மூன்று ஏக்கர் நஞ்சை வைத்திருக்கிறார். "ஐயா, களைக்கு மட்டும் ஒரே ஒரு தடவை மருந்து அடிச்சுக்கறேன். மத்ததெல்லாம் பஞ்சகவ்யா, மீன் அமிலம்னு போயிடறேன். அளவோட அடிச்சா என்ன ஆயிடப் போகுது? தண்ணியில கரைஞ்சு போயிடும்ல?"

கூட்டத்தில் பாதிப் பேர் சிரித்தார்கள். ஒருத்தர், "அப்ப அதுக்குப் பேரு இயற்கை விவசாயம் இல்லப்பா" என்று முடித்துவிட்டார். அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. தம்பி கேட்டது நியாயமான கேள்வி. அளவு என்றால் எந்த அளவு, யார் அளந்தது, எதை வைத்து அளந்தது? இதற்கு அன்று எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்தபோது நினைவுக்கு வந்தது வயல் இல்லை, கடல். கடலில் வாழும் ஒரு நத்தை. அந்தக் கதையைத்தான் இங்கே எழுதுகிறேன், தம்பிக்கும் சேர்த்து.

எனக்கு இதை முதலில் சொன்னது என் மருமகன். சரக்குக் கப்பலில் இன்ஜினியர். இரண்டு வருடம் முன்பு விடுமுறையில் வந்திருந்தபோது வரப்பில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தோம். பக்கத்து வயலில் களைக்கொல்லி அடித்துக்கொண்டிருந்தார்கள். "மாமா, எங்க கப்பல் பெயிண்ட்லயும் இந்த மாதிரிச் சரக்குதான் இருந்துச்சு. இப்பத்தான் தடை பண்ணாங்க" என்றார். கப்பலுக்கும் களைக்கொல்லிக்கும் என்ன சம்பந்தம் என்று நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்துவந்தேன்.

விஷயம் இதுதான். கடலில் மிதக்கும் எதன் அடியிலும் சில வாரங்களில் பாசி பிடிக்கும், கொட்டலசு ஒட்டும், சிப்பி ஒட்டும். அடிப்பகுதி சொரசொரப்பானால் கப்பல் தண்ணீரைக் கிழித்துப் போக முடியாது. மோசமாக ஒட்டிப்போனால் எரிபொருள் செலவு 40 சதவீதம் வரை கூடும் என்கிறார்கள். நம் கட்டுமரத்துக்கு இந்தப் பிரச்சினை இருந்ததில்லை. தினமும் கரையில் இழுத்துப்போட்டுக் காயவைத்துவிடுவார்கள். பெரிய கப்பலை அப்படிச் செய்ய முடியுமா? அதனால் அடிப்பகுதிக்கு நஞ்சு கலந்த பெயிண்ட் அடிப்பது ரொம்ப காலமாக உள்ள வழக்கம். முதலில் செம்பு. 1960களில் வெள்ளீயத்திலிருந்து செய்த டிரைபியூட்டைல்டின் என்ற கூட்டுப்பொருள் வந்தது. சுருக்கமாக டி.பி.டி. என்பார்கள். அதற்கு முன்பே நத்தைகளைக் கொல்ல அதைச் சோதித்துப் பார்த்திருந்தார்கள். 1970களில் பெயிண்டின் பிசினோடு டி.பி.டி.யை வேதிமுறையில் பிணைத்துவிட்டார்கள். பெயிண்ட் மெல்ல மெல்லத் தேயும், தேயத்தேய உள்ளிருந்து புது நஞ்சு வெளியே வரும். ஒருமுறை அடித்தால் ஐந்து வருடம் கவலையில்லை. கப்பல் முதலாளிகளுக்கு வரப்பிரசாதம். சிறு படகுக்காரர்களும் வாங்கி அடித்தார்கள்.

நமக்கெல்லாம் போர்டோ கலவை தெரியும். அந்தப் பெயரைக் கொடுத்த போர்டோ நகரம் பிரான்சில் இருக்கிறது. அங்கிருந்து சுமார் 60 கிலோமீட்டரில் ஆர்க்கஷோன் என்ற விரிகுடா. ஆளிச் சிப்பி வளர்ப்புக்குப் பேர்போன இடம். நாம் நாற்று விடுகிற மாதிரி அவர்கள் சிப்பிக் குஞ்சுகளைப் பிடித்து வளர்த்து விற்பார்கள். அதே விரிகுடாவில் உல்லாசப் படகுகளும் ஆயிரக்கணக்கில் நிற்கும். 1970களின் பிற்பகுதியில் சிப்பிக் குஞ்சு வரத்து நின்றுபோனது. ஒரு வருடம் இல்லை, தொடர்ந்து ஐந்து வருடம். வளர்ந்த சிப்பிகளின் ஓடும் கோணியது. அடுக்கடுக்காக அறை விட்டு, உள்ளே கூழ் நிரம்பி, பந்து மாதிரி உருண்டன. சந்தையில் யார் வாங்குவார்கள்? வருடத்துக்கு 10,000 டன்னுக்கு மேல் எடுத்த இடத்தில் 1981-ல் 3,000 டன்தான் கிடைத்தது. மொத்த இழப்பை 14 கோடியே 70 லட்சம் அமெரிக்க டாலர் என்று பிறகு கணக்குப் போட்டார்கள்.

படகுப் பெயிண்ட்தான் காரணம் என்று பிரெஞ்சு ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். 1982 ஜனவரியில் 25 மீட்டருக்கும் குறைவான படகுகளுக்கு டி.பி.டி. பெயிண்ட் அடிக்கத் தடை வந்தது. அந்த வருடமே சிப்பிக் குஞ்சு மறுபடி பிடித்தது. பிரான்ஸ் இவ்வளவு வேகமாக முடிவெடுக்க ஒரே காரணம், அங்கே அடி வாங்கியது பணம் பெயரும் பயிர். சங்கம் வைத்த உற்பத்தியாளர்கள் தெருவில் இறங்கக்கூடியவர்கள். நத்தைக்குச் சங்கம் கிடையாது. அதனால் நத்தையின் கதை வேறு மாதிரி நடந்தது.

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் பிளிமத் என்ற துறைமுகம். அங்குள்ள பாறைகளில் டாக்வெல்க் என்றொரு சங்கு இனம் உண்டு. கட்டைவிரல் நுனி அளவு. அதன் சாப்பாடு கொட்டலசும் சிப்பியும். கவனியுங்கள், கொட்டலசைத் தின்னும் உயிர் இது. எதை ஒழிக்க நஞ்சு அடித்தார்களோ அதற்கு இயற்கையில் உள்ள எதிரி. கப்பலடியில் ஏறி நத்தை சுத்தம் செய்யும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் நாம் பூச்சிக்கு மருந்தடிக்கும்போது முதலில் காணாமல் போவது பொறிவண்டும் சிலந்தியும்தான் என்று தெரிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

1970-ல் அந்தப் பாறைகளில் பெண் சங்குகளை அறுத்துப் பார்த்த பிளேபர் என்ற ஆய்வாளர், பலவற்றுக்கு ஆண் உறுப்பு முளைத்திருப்பதைப் பார்த்துப் பதிவு செய்தார். மறு வருடம் அமெரிக்காவில் ஸ்மித் என்பவர் வேறொரு சேற்று நத்தையில் அதையே பார்த்து இம்போசெக்ஸ் என்று பெயர் வைத்தார். படகுத் துறைக்குப் பக்கத்தில் அதிகம், தள்ளிப் போகப்போகக் குறைவு. பெயிண்டில் உள்ள வெள்ளீயக் கூட்டுப்பொருள்தான் காரணம் என்று அவர் எழுத 1981 ஆயிற்று. பத்து வருடம் அது ஒரு விசித்திரமாக மட்டும் ஆய்வேடுகளில் கிடந்தது.

பிறகு பிளிமத்தின் கடல் உயிரியல் ஆய்வகத்தைச் சேர்ந்த பிரையனும் கிப்ஸும் விடாமல் துருவினார்கள். 1986-ல் அவர்கள் எழுதியதைப் படித்துவிட்டு நான் அன்று சாப்பிடவே லேட் ஆகிவிட்டது. மாடு ஆடு வளர்க்கிற நமக்கு இதையெல்லாம் பேசக் கூச்சம் வேண்டாம், நேராகவே சொல்கிறேன். பெண் சங்குக்கு ஆண் உறுப்பு முளைப்பதோடு நிற்பதில்லை. ஆணுக்குரிய விந்துக் குழாயும் வளர்கிறது. அது வளர்ந்து வளர்ந்து, முட்டை வெளியே வரும் வாயை மூடிவிடுகிறது. முட்டைக் கூடுகள் உள்ளேயே குவிகின்றன. முட்டையிட முடியாமல் கடைசியில் அந்தச் சங்கு செத்துப்போகிறது. சாகும் வரை அது ஊர்கிறது, தின்கிறது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. படகுத் துறைகளை ஒட்டிய பாறைகளில் வயதான சங்குகள் மட்டும் இருந்தன. முட்டையும் இல்லை, குஞ்சும் இல்லை. (எங்கள் ஊரும் இப்போது அப்படித்தான் இருக்கிறது, காரணம் வேறு.)

இந்த இனத்துக்கு இன்னொரு சங்கடம். சிப்பி மாதிரி இதன் குஞ்சுகள் தண்ணீரில் மிதந்து ஊர் விட்டு ஊர் போவதில்லை. பாறையில் ஒட்டிய கூட்டிலிருந்து வெளியே வந்து அங்கேயே ஊர்ந்து வளர்பவை. மன்னார் வளைகுடாவில் நம் வெண்சங்கும் இப்படித்தான், அதன் முட்டைக் கூட்டை மீனவர்கள் சங்குப்பூ என்பார்கள். ஒரு பாறையில் டாக்வெல்க் அற்றுப்போனால் பக்கத்துப் பாறையிலிருந்து ஊர்ந்து வந்தால்தான் உண்டு. அதனால் ஆர்க்கஷோனில் சிப்பி ஒரே வருடத்தில் திரும்பிய மாதிரி இங்கே நடக்கவில்லை.

இப்போது தம்பி கேட்ட "அளவு" விஷயத்துக்கு வருகிறேன்.

எவ்வளவு நஞ்சு இருந்தால் அந்தச் சங்கு மலடாகிறது? ஒரு லிட்டர் கடல்நீரில், வெள்ளீயக் கணக்கில், 1 முதல் 2 நானோகிராம். உறுப்பு முளைக்கத் தொடங்குவது அதற்கும் குறைவான அளவிலேயே. நானோகிராம் என்பது ஒரு கிராமில் நூறு கோடியில் ஒரு பங்கு. எனக்கும் முதலில் இது மண்டையில் ஏறவில்லை. பழைய பழக்கத்தில் பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டேன். மேட்டூர் அணையின் முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. அணை நிரம்பித் ததும்பும்போது அதில் லிட்டருக்கு ஒரு நானோகிராம் இருக்க வேண்டுமென்றால் எவ்வளவு கொட்ட வேண்டும்? 2 கிலோ 650 கிராம். அவ்வளவுதான். டெல்டா முழுக்கப் பாயும் தண்ணீருக்கு ஒரு சின்னப் பை. "தண்ணியில கரைஞ்சு போயிடும்ல?" கரைந்து போகும் தம்பி. கரைந்த பிறகு மிச்சமிருக்கும் அந்த அளவே போதுமாக இருந்தது.

இங்கிலாந்து அரசு சும்மா இருந்ததாகவும் சொல்ல முடியாது. 1985-ல் கடல்நீரில் லிட்டருக்கு 20 நானோகிராம் டி.பி.டி. வரை இருக்கலாம் என்று ஓர் இலக்கு வைத்தார்கள். அதுவரை தெரிந்த ஆய்வுகளை வைத்துப் படித்த மனிதர்கள் யோசித்து வைத்த எண்தான். ஆனால் அதற்குள் அடங்கிய தண்ணீரிலேயே டாக்வெல்க் மலடாகிக்கொண்டிருந்தது. 1987-ல் சிறு படகுகளுக்கு அந்தப் பெயிண்டை விற்கத் தடை வந்தது. 1989-ல் எல்லையை 2 நானோகிராம் என்று இறக்கினார்கள். 1985-க்கும் 1989-க்கும் இடையில் நஞ்சு மாறவில்லை, கடலும் மாறவில்லை. முன்னால் கேட்காத ஒரு கேள்வியைக் கேட்டார்கள், எண் பத்தில் ஒன்றாகிவிட்டது. அந்தக் கேள்வியைக் கேட்க வைத்தது நத்தை. அவ்வளவு நுணுக்கமான அளவைப் பிடிக்க அன்றைய ஆய்வகக் கருவிகளே திணறிக்கொண்டிருந்தன.

அனுமதிக்கப்பட்ட அளவு என்று எங்கே பார்த்தாலும் இனி நான் கேட்கப்போவது ஒன்றுதான்: என்ன கேள்வி கேட்டு இந்த எண்ணைக் கண்டுபிடித்தீர்கள்?

நம் மருந்துக்கடை டப்பாவை எடுங்கள். சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று முக்கோணம் போட்டிருக்கும். அந்த நிறம் எப்படி வருகிறது? முக்கியமாக, சோதனை எலிகளுக்குக் கொடுத்து, பாதி எலிகள் சாகும் அளவு எவ்வளவு என்று பார்த்து வருகிறது. அதாவது கேட்ட கேள்வி, "செத்ததா, இல்லையா?" நீல முக்கோணம், பச்சை முக்கோணம் என்றால் சாகவைக்க நிறைய வேண்டும் என்று அர்த்தம். குட்டி போட்டதா, போட்ட குட்டி குட்டி போட்டதா, வாய்க்காலில் இருந்த தவளை என்ன ஆனது என்பதையெல்லாம் அந்த நிறம் சொல்லாது. பதிவு செய்யும்போது வேறு சோதனைகளும் கேட்கிறார்கள், அதை மறைக்கக் கூடாது. ஆனால் கடையில் நிற்கும் விவசாயி கண்ணில் படுவது இந்த நிறம் மட்டும்தான். "பச்சை முக்கோணம்தான் சார், ஒண்ணும் பண்ணாது" என்று கடைக்காரர் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். டாக்வெல்க்கை இந்தக் கேள்வியால் சோதித்திருந்தால் பிளிமத் துறைமுகத் தண்ணீர் பாஸ் ஆகியிருக்கும். அதில் யாரும் உடனே சாகவில்லையே.

நத்தைக்கு ஆனால் நமக்கென்ன என்பவர்களுக்கு ஒரு சேதி. டி.பி.டி. நத்தையின் உடலுக்குள் எதைப் பிடித்து ஆட்டுகிறது என்பதை 2004-ல் ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். செல்லுக்குள் இருக்கும் ஒரு பூட்டில் போய்ச் சாவி மாதிரிப் பொருந்துகிறது. அதே வகைப் பூட்டு எலிக்கும் உண்டு, உங்களுக்கும் எனக்கும் உண்டு. 2006-ல் அமெரிக்காவில் சினை எலிகளுக்கு டி.பி.டி. கொடுத்துப் பார்த்தார்கள். பிறந்த குட்டிகள் உடம்பில் கொழுப்பு கூடி வளர்ந்தன. அந்த விளைவு அடுத்தடுத்த தலைமுறைக்கும் போனதாகப் பின்னால் வந்த ஆய்வுகள் சொல்கின்றன. இந்தியக் கடல் சங்குகளிலும் இந்தக் கோளாறு இருப்பதை 1999-ல் கோவாவிலுள்ள தேசியக் கடலியல் நிறுவனத்தார் பதிவு செய்திருக்கிறார்கள்.

இங்கே விதை காப்பவர்களுக்காக ஒரு சின்ன விஷயம். கென்ட் கடற்கரையில் டம்ப்டன் கேப் என்ற இடத்தில் நஞ்சு இருந்தும் டாக்வெல்க் கூட்டம் அழியாமல் தாக்குப்பிடித்தது. பார்த்தால், அந்தக் கூட்டத்தில் பரம்பரையாக ஒரு "குறை". சில ஆண் சங்குகளுக்கு உறுப்பே சரியாக வளராது. அதே குறை பெண்களிலும் இருந்ததால் நஞ்சு பட்டும் ஆண் உறுப்பு பெரிதாக வளரவில்லை, முட்டை வாய் அடைபடவில்லை. சாதாரண நாளில் ஊனம் என்று தள்ளியிருப்போம். அந்த ஊனம்தான் ஊரைக் காப்பாற்றியது. விளைச்சல் குறைவு என்று நாம் கைவிட்ட நெல் ரகங்களில் எது எந்த நாளைக்கு உதவும் என்று யாருக்குத் தெரியும்?

தடை கதைக்குத் திரும்புகிறேன், நமக்கு வேண்டிய பாடம் அங்கேதான் இருக்கிறது. சிறு படகுகளுக்குத் தடை விதித்தபோது பெரிய கப்பல்களை விட்டுவிட்டார்கள். அவை நடுக்கடலில் போகின்றன, அவ்வளவு தண்ணீரில் கரைந்துவிடும் என்று வாதம். பழைய வாதம்தான். 1994-ல் வடகடலில் கப்பல் போக்குவரத்து அதிகமான தடங்களில் வாழும் இன்னொரு சங்கு இனத்திலும் இம்போசெக்ஸ் இருப்பது தெரிந்தது. உலகக் கடல்சார் அமைப்பில் உடன்படிக்கை 2001-ல் ஏற்பட்டது. கப்பலில் டி.பி.டி. பெயிண்ட் இருக்கவே கூடாது என்பதற்கு வைத்த கெடு 2008 ஜனவரி. உடன்படிக்கை நடைமுறைக்கு வந்தது அந்த வருடம் செப்டம்பரில். பிளேபர் முதல் சங்கை அறுத்துப் பார்த்ததிலிருந்து 38 வருடம். இப்போது பல இடங்களில் டாக்வெல்க் திரும்பியிருக்கிறது. துறைமுகச் சேற்றில் புதைந்த டி.பி.டி. அவ்வளவு சீக்கிரம் போகாது, காற்றுப் புகாத சேற்றில் பல வருடம் அப்படியே கிடக்கும்.

சரி, டி.பி.டி. போன இடத்துக்கு என்ன வந்தது? இதைத்தான் மருமகன் வரப்பில் சொன்னார். மறுபடி செம்பு. செம்புக்குச் சில பாசிகள் அசையாது என்பதால் கூடவே துணைக்கு வேறு நஞ்சுகள். அதில் ஒன்று சைபியூட்ரின். அட்ரசின் கேள்விப்பட்டிருப்பீர்கள், மக்காச்சோளத்துக்கும் கரும்புக்கும் அடிக்கும் களைக்கொல்லி. அதே டிரையசின் குடும்பம்தான் இதுவும். பாசியின் ஒளிச்சேர்க்கையை நிறுத்தும். கப்பலடியில் உள்ள பாசியோடு நின்றுவிடுமா? கடற்புல்லும் பவளத்துக்குள் வாழும் பாசியும் அடிபட்டன. அதற்கும் உலகத் தடை வந்தது, 2023 ஜனவரி முதல். மற்ற துணை நஞ்சுகளின் பெயரைக் கேளுங்கள்: டையூரான், சினெப். இரண்டும் நம் ஊர்க் கடைகளில் விற்றவை. 2020 மே மாதம் ஒன்றிய அரசு 27 பூச்சிக்கொல்லிகளைத் தடை செய்ய வரைவு ஆணை போட்டதே, அந்தப் பட்டியலில் டையூரானும் சினெபும் இருந்தன, அட்ரசினும் இருந்தது. நம் தம்பி களைக்கு அடிக்க நினைக்கும் பியூட்டாகுளோரும் இருந்தது. 2023-ல் இறுதி முடிவு வந்தபோது தடைக்குள் வந்தவை டைகோபால், டினோகேப், மெத்தோமில். கூட மோனோகுரோட்டோபாஸின் ஒரு வடிவம். மற்றவை தப்பித்துக்கொண்டன.

வெள்ளீய நஞ்சும் கடலோடு நின்றதில்லை. டி.பி.டி.யின் பங்காளியான ஃபென்டினை ஐரோப்பாவில் உருளைக்கிழங்குக்குப் பூஞ்சைக்கொல்லியாக அடித்தார்கள். பிலிப்பைன்ஸில் நெல் வயல் நத்தைக்கு அடித்தார்கள். இந்தியாவில் ஃபென்டின் அசிடேட், ஃபென்டின் ஹைட்ராக்சைடு இரண்டுக்கும் பதிவே மறுக்கப்பட்டது. நல்ல காரியம் நடந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

ஒன்றைத் தடை செய்தால் அதே வேலையைச் செய்யும் இன்னொன்று வருகிறது. அதன் கெடுதல் தெரிய இருபது வருடம், தடை செய்யப் பத்து வருடம். இந்த முப்பது வருடத்துக்குள் விற்று லாபம் பார்த்தாயிற்று. கேள்வி "எந்த நஞ்சு?" என்று இருக்கும்வரை இது ஓயாது. கப்பல்காரர்களில் சிலர் வேறு வழிக்குப் போயிருக்கிறார்கள். எதுவும் இறுக ஒட்ட முடியாத வழவழப்பான சிலிக்கான் பூச்சு. கப்பல் ஓடும்போது ஒட்டியது தானே உதிரும். முதலில் செலவு கூடுதல், ஆனால் கொல்ல வேண்டியதில்லை. நாம் களையைக் கொல்லாமல் மூடாக்குப் போட்டு முளைக்கவிடாமல் செய்கிறோமே, அந்த மாதிரி.

வங்கியில் முப்பது வருடத்துக்கு மேல் இருந்தவன் என்ற முறையில் இதில் எனக்கொரு உறுத்தல் உண்டு. பயிர்க்கடன் கொடுக்கும்போது ஏக்கருக்கு உரம் இவ்வளவு, பூச்சிமருந்து இவ்வளவு என்று அளவு வைத்திருப்பார்கள். மருந்துக்கான தொகையைக் கடைக்கே நேராகக் கொடுப்பதும் உண்டு. நான் ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். விண்ணப்பத்தில் செலவுக்கு ஒரு பத்தி, வரவுக்கு ஒரு பத்தி, திருப்பிக் கட்டும் வசதிக்கு ஒரு பத்தி. அந்த மருந்து வாய்க்காலில் இறங்கிப் பக்கத்துக் குளத்து மீன்காரருக்கு என்ன ஆகிறது என்பதற்குப் பத்தியே கிடையாது. மருந்து வாங்காத விவசாயிக்குக் கடன் அளவு குறையும். இதை அன்று நான் விநோதமாகவே நினைக்கவில்லை. ஆர்க்கஷோனில் படகுக்காரர் பெயிண்டுக்குச் செலவழித்தார், பெயிண்ட் விற்றவர் லாபம் பார்த்தார். சிப்பிக்காரர் எதையும் வாங்கவுமில்லை, விற்கவுமில்லை. நஷ்டம் முழுக்க அவர் கணக்கில்.

இனி நம் வீட்டுக் குப்பை. இன்றைக்குக் கப்பல் பெயிண்டில் பிரதானமான நஞ்சு செம்பு. நம்மிலும் செம்பு இருக்கிறது. போர்டோ கலவைக்குச் சான்றளிப்பு விதிகளில் கட்டுப்பாட்டோடு இடம் உண்டு. தென்னை, மிளகு, வெற்றிலை வைத்திருப்பவர்கள் மழைக்கு முன் ஒன்று, மழைக்குப் பின் ஒன்று என்று நாள் குறித்து அடிக்கிறார்கள். நோய் வந்திருக்கிறதா என்று பார்ப்பதுகூட இல்லை. செம்பு சிதையாது, மண்ணில் வருடா வருடம் சேரும். மண்புழுவுக்கு ஆகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இயற்கை விவசாயிகளுக்கும் சேர்த்து ஹெக்டேருக்கு ஏழு வருடத்தில் 28 கிலோ செம்பு என்று எல்லை வைத்திருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் கணக்கு வைத்திருக்கிறோம்? "இது இயற்கைதானே, அளவோட அடிச்சா ஒண்ணும் ஆகாது" என்று நாமும் சொல்கிறோம். தம்பியைப் பார்த்துச் சிரித்தவர்களில் இரண்டு பேர் போர்டோ கலவைக்காரர்கள் என்பதை நான் அன்றே கவனித்தேன்.

தம்பிக்குப் பதில். உங்கள் சங்கடம் எனக்குப் புரிகிறது. களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாகவில்லை. இதை "மனசு வெச்சா முடியும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மனசு களை எடுக்காது. நடவுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள். சதுர நடவு போட்டு பத்தாம் நாளிலிருந்து கோனோவீடர் ஓட்டுங்கள். முதல் வருடம் களை உங்களை அழவைக்கும், எனக்கும் அப்படித்தான் ஆனது. எங்கள் வட்டாரக் குழுவில் இரண்டு கோனோவீடர் பொதுவில் இருக்கிறது, ஒன்றை உங்களுக்குத் தர ஏற்பாடு செய்கிறேன். இயக்கம் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஐந்தாறு வாங்கி வைக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. உறுப்பினர் சந்தாவில் அதற்கு இடமிருக்கிறது, கணக்குப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் வயலுக்குத் தண்ணீர் வயல் விட்டு வயல் பாய்ந்துதான் வருகிறது. மேல் வயல்காரர் களைக்கொல்லி அடிக்கிறவர். நான் நிலம் வாங்கியபோது வயலில் ஒரு நத்தைகூடக் கிடையாது. இப்போது மூன்று வருடமாக மேற்கு மூலையில், தண்ணீர் வடியும் பக்கம், கொஞ்சம் இருக்கிறது. தண்ணீர் நுழையும் வாமடைப் பக்கம் இன்னும் வரவில்லை. காரணம் இதுதான் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன், ஆய்வகத்தில் கொடுத்துப் பார்க்கவில்லை. மேல் வயல்காரரிடம் போய்ப் பேசினேன். "அண்ணே, நீங்க அடிக்கறதைத் தடுக்க நான் யாரு? அடிச்சபிறகு பத்து நாள் மடையைத் திறக்காதீங்க, அது போதும்" என்றேன். "அதுக்கென்ன, செஞ்சிடலாம்" என்றார். இந்தச் சம்பாவில் இரண்டு தடவை சொன்னபடி மூடி வைத்தார். ஒரு தடவை மழை உடைத்துக்கொண்டு வந்துவிட்டது.

வரும் மாதக் கூட்டத்தில் செம்பு பற்றிப் பேச ஒரு மணி நேரம் ஒதுக்கச் சொல்லியிருக்கிறேன். போர்டோ கலவை அடிப்பவர்கள் போன மூன்று வருடத்தில் எத்தனை தடவை, தடவைக்கு எத்தனை கிலோ மயில்துத்தம் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள். பெயர் போட வேண்டாம். கூட்டிப் பார்க்கும் வேலையை நான் செய்கிறேன்.